வயிறு இல்லாமல் 12 வருஷம்

2013 ஆகஸ்டில் என் இரைப்பையை எடுத்துவிட்டார்கள். பாதி இல்லை, முக்கால் இல்லை, முழுசாக. இதைக் கேட்பவர்கள் முதலில் என் சட்டைப் பித்தான் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார்கள். அப்புறம், "அப்ப சோறு எங்க போகும்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரிடம் நானும் அதைத்தான் கேட்டேன். பிழைப்பேனா என்று கேட்கத் தோன்றியது அன்று ராத்திரிதான்.

அரசு பஸ்ஸில் கண்டக்டர் வேலை. மதுரை – ராஜபாளையம் ரூட்டில் பல வருஷம் ஓடியவன். நேரத்துக்குச் சாப்பிட்டதாக நினைவே இல்லை. விடிகாலையில் டீ, திருமங்கலத்தில் ஒரு வடை, ராஜபாளையத்தில் பத்து நிமிஷத்துக்குள் நாலு பரோட்டா, நடுநடுவே சிகரெட். நெஞ்செரிச்சல் பத்து வருஷமாகவே இருந்தது. டெப்போவில் யாருக்குத்தான் இல்லை? ஆளுக்கொரு ரோஸ் கலர் சிரப் பாட்டில் பையில் வைத்திருப்போம்.

2013 தொடக்கத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. முன் படியிலிருந்து கடைசி சீட் வரை டிக்கெட் போட்டுக்கொண்டு போய்ச் சேருவதற்குள் கம்பியைப் பிடித்து நிற்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்து டாக்டர் ஒருவரிடம் போனேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8. இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் விழுங்கினேன், 9-க்கு ஏறியது. அவருக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி.

மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு நான் போனது உறவுக்காரர் ஒருவரைப் பார்க்க. மாடிப்படி ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். "வந்ததே வந்துட்டீங்க, நீங்களும் ஒரு சீட்டு எடுத்துக் காட்டிருங்க" என்று மனைவி பிடித்த பிடியில் ஓ.பி.யில் போய் உட்கார்ந்தேன். அங்கே இருந்த பெண் டாக்டருக்கு என் மகள் வயசுதான் இருக்கும். "மலம் கறுப்பாப் போகுதா?" என்று கேட்டார். "இரும்பு மாத்திரை போட்டா கறுப்பாத்தான் போகும்னு சொன்னாங்க டாக்டர்" என்றேன். "சரி, மாத்திரை போடறதுக்கு முன்னாடி?" என்றார். யோசித்துப் பார்த்தேன். முன்னாலும் அப்படித்தான். தார் மாதிரி ஒட்டும். நான்தான் கவனிக்கவில்லை.

"பொம்பளைங்களுக்கு ரத்தம் குறைய ஆயிரம் காரணம் இருக்கு. நாப்பது தாண்டின ஆம்பளைக்கு ரத்தம் குறைஞ்சா, அது எந்த வழியாப் போகுதுன்னு பாக்காம மாத்திரை குடுக்கக் கூடாது" என்று சொல்லி எண்டோஸ்கோப்பிக்கு எழுதினார். நான் உயிரோடு இருப்பதற்கு முதல் காரணம் அந்த ஒரு கேள்வி. படிப்பவர்களில் யாராவது காரணம் தெரியாமல் இரும்பு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் இந்த இடத்தை இன்னொரு முறை படியுங்கள்.

எண்டோஸ்கோப்பி பற்றி டெப்போவில் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். தொண்டையில் மரத்துப்போக ஒரு ஸ்பிரே அடித்து, வாயில் ஒரு வளையம் வைத்து, குழாயை விட்டார்கள். குமட்டும். பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. ஒரு பல் பிடுங்குவதை விட மோசமில்லை. இரைப்பையின் மேல்பகுதியில் இரண்டரை சென்டிமீட்டர் அளவில் ஒரு புண். அதிலிருந்து நாலைந்து துணுக்கு எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் வந்த பெயர் சிக்னெட் ரிங் வகைப் புற்றுநோய். ஒவ்வொரு செல்லும் முத்திரை மோதிரம் போல இருக்குமாம், அதனால் அந்தப் பேர். நோய்க்கு இப்படி நகைக்கடைப் பேர் வைத்தவர் யாரோ.

அறுவை சிகிச்சை டாக்டர் எனக்கு விளக்கியது பரோட்டாவை வைத்து. "இரைப்பைச் சுவர் அடுக்கு அடுக்கா இருக்கும். உள் அடுக்குலதான் நோய் ஆரம்பிக்கும். அதுக்கு அடுத்த அடுக்கைத் தாண்டாம இருந்தா அதுக்குப் பேர் ஆரம்பநிலை. சதையில எறங்கிட்டா கதை வேற." ஆரம்பநிலை என்பதற்கு இந்த வரையறையை 1962-லேயே ஜப்பான்காரர்கள் வகுத்துவிட்டார்கள். இரைப்பைப் புற்றுநோய் அங்கே அதிகம். அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் தேடிப் பரிசோதிக்கிறார்கள். ஆரம்பநிலையில் பிடிபட்டவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் அங்கே 5 வருஷத்தைத் தாண்டிவிடுகிறார்கள். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் சோறு இறங்காமல் போனபிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

சில ஆரம்பநிலைக் கட்டிகளை வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோப்பி வழியாகவே சீவி எடுத்துவிடலாம். எனக்கு அது ஒத்துவராது என்றார்கள். செல்லின் வகை, புண், அளவு மூன்றுமே எதிராக இருந்தன. மேல்பகுதியில் இருந்ததால் முழு இரைப்பையும், நோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் இடமான, அதைச் சுற்றியிருக்கும் நெறிக்கட்டிகளும் எடுக்க வேண்டும். உணவுக்குழாயின் கீழ்முனையைச் சிறுகுடலோடு நேராகத் தைத்துவிடுவார்கள்.

"அது முடியுமா?" என்றேன்.

"நூறு வருஷத்துக்கு மேலா பண்றதுதான்" என்றார். பிற்பாடு என் மகன் தேடிப் படித்துச் சொன்னான். 1881-ல் வியன்னாவில் பில்ரோத் என்ற டாக்டர் முதன்முதலாக இரைப்பையின் ஒரு பகுதியை வெற்றிகரமாக எடுத்திருக்கிறார். முழு இரைப்பையை எடுத்து ஆள் பிழைத்தது 1897-ல், ஜூரிச் நகரத்தில். ஷ்லாட்டர் என்ற டாக்டரிடம் ஆபரேஷன் செய்துகொண்ட அந்த அம்மாள் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறார். பி12 என்று ஒரு வைட்டமின் இருப்பதே அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம் நடந்தது. எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை, தூங்கிக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் ஒரு மருந்தைக் குடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். தையல் போட்ட இடத்தில் கசிவு இல்லை. அன்று சாயங்காலம் மனைவி ஒரு பாலாடையில் தண்ணீர் கொடுத்தாள். பேரனுக்கு வாங்கி வைத்திருந்த பாலாடை. அந்தத் தண்ணீர் நெஞ்சுக்குழி வழியாக இறங்கியது தெரிந்தது, அதற்குக் கீழே எங்கே போனது என்று தெரியவில்லை.

பத்து நாள் கழித்து நோய்க்கூறு ரிப்போர்ட் வந்தது. எடுத்த நெறிக்கட்டிகள் 28, எதிலும் நோய் இல்லை. கட்டி இரண்டாவது அடுக்கோடு நின்றிருந்தது. கீமோ தேவையில்லை என்றார்கள். எத்தனை நெறிக்கட்டிகளைப் பார்த்தார்கள் என்ற எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குறைந்தது 15, 16 பார்த்திருந்தால்தான் "பரவவில்லை" என்ற சொல்லை நம்பலாம் என்று எனக்குச் சொன்னார்கள்.

பக்கத்துக் கட்டிலில் சாத்தூர் அண்ணாச்சி ஒருவர் இருந்தார். தீப்பெட்டி ஆபீஸ் கணக்கர். அவருக்கு உணவுக்குழாயில். இட்லி இறங்கவில்லை என்று கஞ்சிக்கு மாறி, கஞ்சியும் இறங்கவில்லை என்றபிறகு வந்தவர். அவர் இரைப்பையைக் குழாய் மாதிரி ஆக்கி மேலே இழுத்துத் தைத்திருந்தார்கள். "ஒனக்கு வயிறு இல்ல, எனக்கு வயிறு நெஞ்சுல இருக்கு. ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு மனுசன்டே" என்பார். கீமோ எடுத்தும், இரண்டாவது வருஷம் ஈரலில் வந்துவிட்டது. கடைசியாகப் போனில் பேசியபோதும், "வேளைக்குத் திங்கியா?" என்றுதான் கேட்டார்.

வீட்டுக்கு வந்தபின் முதல் இட்லி. ஒன்று இல்லை, பாதி. மனைவி அதை மொச்சைக்கொட்டை அளவு பிய்த்து வைத்தாள். ஒவ்வொன்றையும் கூழாகும்வரை மென்று விழுங்க வேண்டும், இரைப்பை செய்த வேலையை இனிமேல் பல்தான் செய்ய வேண்டும். அந்தப் பாதி இட்லி சாப்பிட 40 நிமிஷம் ஆனது. முடிக்கும்போது அது காய்ந்து வறவறவென்று ஆகிவிட்டது. நாலு பரோட்டாவைப் பத்து நிமிஷத்தில் தின்றவன் பாதி இட்லியோடு மல்லுக்கட்டியதை நினைத்துச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் வலித்தது.

பசி என்பதே போய்விட்டது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையில்தான் சுரக்கிறதாம். பசித்துப் புசி என்று பெரியவர்கள் சொன்னார்கள். எனக்கு அது செல்லாது, மணி பார்த்துப் புசி. ஆரம்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இப்போது ஒரு நாளைக்கு ஆறு வேளை. லைட் டூட்டி முடிந்து மறுபடி பஸ்ஸில் ஏறியதும் கடிகாரத்தை விட்டுவிட்டு ஸ்டேஜை வைத்துக்கொண்டேன். திருமங்கலத்தில் அவித்த முட்டை ஒன்று. கல்லுப்பட்டி தாண்டி ஒரு கை வறுகடலை. கிருஷ்ணன்கோவிலில் சின்ன டப்பா தயிர்சாதம். கண்டக்டர் பையில் ஒரு பக்கம் சில்லறை, மறுபக்கம் டிபன்.

சாப்பாட்டில் நான் கற்றுக்கொண்டதில் பெரியது, சோற்றோடு தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதுதான். சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான் தண்ணீர். சேர்த்துக் குடித்தால் எல்லாம் வாய்க்காலில் மடை திறந்த மாதிரி குடலுக்குள் ஒரே ஓட்டமாகப் போய்விடும். நம் சாப்பாட்டில் பாதி தண்ணீர்தானே? சாம்பார், ரசம், மோர். ரசத்தைத் தனியாக, முன்னாலேயோ ரொம்ப நேரம் கழித்தோ ஒரு டம்ளர் என்று மாற்றிக்கொண்டேன். சோற்றைக் குறைத்து, முட்டை, மீன், பருப்பு, சுண்டல், பனீர் என்று கூட்டிக்கொண்டேன். பால் ஒத்துக்கொள்ளவில்லை, தயிர் ஒத்துக்கொண்டது.

இனிப்பு? அதற்கு ஒரு கதை உண்டு.

ஆபரேஷன் முடிந்து எட்டாவது மாதம், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் தெரிந்த கடைக்காரர் கூப்பிட்டு, இலையில் நூறு கிராம் பால்கோவா வைத்துக் கொடுத்தார். "பொழச்சு வந்திருக்கீங்க, வாய இனிப்பாக்குங்க." சூடு ஆறாத பால்கோவா, விளிம்பில் லேசாகச் சிவந்து, கையில் நெய் ஒட்டியது. எட்டு மாதம் வாயைக் கட்டியவன். மென்று தின்ன வேண்டும் என்பதெல்லாம் அதற்கு ஏது? அதுவே கரைந்து போய்விட்டது. விசில் கொடுத்து வண்டி கிளம்பியது. ராஜபாளையம் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பாதி தூரம் போவதற்குள் நெஞ்சு படபடவென்று அடித்தது, காதில் இரைச்சல், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, வயிற்றை முறுக்கியது. சீட்டில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். கண்டக்டருக்குப் பயணி இடம் கொடுத்த பஸ் அதுவாகத்தான் இருக்கும்.

இதற்கு டம்பிங் என்று பெயர். இரைப்பை இருந்தால் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அனுப்பும். அது இல்லாவிட்டால் மொத்தமும் ஒரே கொட்டாகக் குடலில் விழுகிறது. அடர்த்தியான சர்க்கரை, ரத்தத்திலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கிறது. அதனால்தான் படபடப்பும் வேர்வையும். சாப்பிட்ட அரை மணிக்குள் வருவது இது. படுத்துவிட்டால் சரியாகிவிடும்.

இன்னொன்று ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வரும், அதுதான் ஏமாற்றும். சர்க்கரை சடாரென்று ஏறியதும் உடம்பு இன்சுலினை வாரி இறைக்கிறது, அப்புறம் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுகிறது. ஒரு கல்யாணத்தில் கால் டம்ளர் பாயசம் குடித்துவிட்டு டூட்டி ஏறினேன். இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. கல்லுப்பட்டி வரும்போது கை நடுங்கியது. ஐம்பது ரூபாய்க்கு எவ்வளவு மீதி என்று தெரியாமல் நின்றேன். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்னய்யா, மொகமெல்லாம் வேர்த்துக் கெடக்கு?" என்று வண்டியை ஓரம் கட்டி, தன் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று இருக்கும். அதில் ஒரு ஸ்பூன், பத்து நிமிஷம் கழித்துக் கடலையோ முட்டையோ. வெறும் சர்க்கரையோடு விட்டால் மறுபடி அதே சுற்று.

கல்யாண வீடுகளில் இப்போது பந்தியின் ஓரத்தில் உட்காருவேன். பருப்புச் சோறு நாலு வாய், பொரியல், ஒரு வடை. இலையை மூடினால் பரிமாறுகிறவர் ஓடிவந்து, "என்னண்ணே அதுக்குள்ள?" என்பார். விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், "சுகர்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவேன். 72 கிலோ இருந்தவன் முதல் வருஷத்தில் 54-க்கு வந்துவிட்டேன். "என்ன இப்படி மெலிஞ்சிட்டீங்க, சுகரா?" என்று அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள், நானும் தலையாட்டுவேன். நம் ஊரில் சுகருக்கு இருக்கும் மரியாதை கேன்சருக்குக் கிடையாது. கேன்சர் என்றால் குரலைத் தாழ்த்துகிறார்கள்.

அந்தப் பொய்க்குத் தண்டனையும் கிடைத்தது. ஒரு மருத்துவ முகாமில், டீயும் பன்னும் சாப்பிட்ட முக்கால் மணியில் விரலைக் குத்திப் பார்த்து 246 என்றார்கள். சுகர் மாத்திரையும் எழுதிவிட்டார்கள். நல்லவேளை, போடுமுன் என் டாக்டரிடம் காட்டினேன். வெறும் வயிற்றில் பார்த்தால் சாதாரணம், மூன்று மாதச் சராசரியும் சாதாரணம். சாப்பாடு நேரே குடலுக்குப் போவதால் முதல் ஒரு மணிக்குள் இப்படி ஏறும், தானே இறங்கிவிடும். அந்த மாத்திரை இன்சுலினை இன்னும் முடுக்கிவிடும் வகை. போட்டிருந்தால் எங்கே விழுந்திருப்பேனோ. இரைப்பை எடுத்தவர்கள் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்துச் செய்யும் பரிசோதனைக்கும் யோசிக்காமல் உட்காரக் கூடாது. முதலில் ஆபரேஷன் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

ராத்திரிகளைப் பற்றிச் சொல்கிறேன். படுத்தால் தொண்டை வரை பச்சையாகக் கசப்புத் தண்ணீர் வரும். அமில மாத்திரை வாங்கி விழுங்கினேன், பலன் இல்லை. டாக்டர் சிரித்தார்: "அமிலம் சுரக்கிற எடத்தையே எடுத்தாச்சே, அப்புறம் எதை அடக்க? இது பித்தநீர்." தலையணையை உயர்த்தினால் இடுப்பு மடங்கி இன்னும் மோசம். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்தோம். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால் சாப்பாட்டை முடித்தேன். பன்னிரண்டு வருஷமாக அந்தச் செங்கல் அங்கேதான் இருக்கிறது. மனைவியும் சரிவிலேயே தூங்கிப் பழகிவிட்டாள்.

இனி என் தப்பு.

இரைப்பைச் சுவரில் சுரக்கும் ஒரு புரதம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால்தான் பி12 வைட்டமின் சிறுகுடலின் கடைசியில் ரத்தத்தில் சேரும். இரைப்பை போனால் அந்தப் புரதமும் போயிற்று. அதனால் ஆயுள் முழுக்க ஊசி. டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதியிருந்தார்கள், டாக்டர் வாயாலும் சொன்னார். இரண்டு வருஷம் ஒழுங்காகப் போட்டேன். ஸ்கேன் எல்லாம் சுத்தம். இந்த நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருஷத்துக்குள் திரும்பிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கெடு தாண்டியதும் எனக்கு ஒரு தெனாவெட்டு வந்தது. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, ஊசி எதற்கு? மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போக நேரமில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இரண்டரை வருஷம் ஓடியது.

அந்த இரண்டரை வருஷமும் உடம்பு நன்றாகவே இருந்ததுதான் இதில் விஷயம். ஈரலில் சேமித்து வைத்திருந்ததை எடுத்துச் செலவழித்துக்கொண்டிருந்திருக்கிறது. கையிருப்பு தீரும்வரை கணக்கில் குறை தெரியாது.

2018 தொடக்கத்தில் நாக்கு எரிந்தது. காரம் சேரவில்லை என்று நினைத்தேன். பாதத்தில் பஞ்சை மிதிக்கிற மாதிரி ஒரு உணர்வு. வே பில்லில், அதாவது டிக்கெட் கணக்கு எழுதும் தாளில், கணக்கு இடிக்க ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் மூன்று நாள் கையிலிருந்து கட்டினேன். வயசாகிறது என்று டெப்போவில் கேலி. மனைவி, ரத்தம் ஊற வேண்டும் என்று சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) ஆட்டு ஈரலும் வாரத்துக்கு இரண்டு முறை சமைத்துப் போட்டாள். ஈரலில் பி12 கொட்டிக் கிடக்கிறதுதான். கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லாதவனுக்கு அது பாதையோரத்தில் நிற்கும் பயணி. வண்டி நிற்காமல் போய்விடும்.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 12 இருந்தது. அதைப் பார்த்து நிம்மதியாகிவிட்டேன். அது பொய் நிம்மதி. நான் விடாமல் போட்டுவந்த இரும்பு மாத்திரையில் ஃபோலிக் அமிலம் இருந்தது. பி12 இல்லாவிட்டாலும் ஃபோலிக் அமிலம் ரத்த எண்ணிக்கையைத் தூக்கிப் பிடித்துவிடும், நரம்பைக் காப்பாற்றாது. வெளியே சுண்ணாம்பு அடித்த வீடு, உள்ளே கரையான்.

ஒரு நாள் விடிகாலை இருட்டில், டெப்போவில் நின்ற வண்டியின் பின் படியில் கால் வைத்தேன். வைத்தேனா இல்லையா என்றே தெரியவில்லை. முழங்கால் தரையில் பட்டபிறகுதான் விழுந்தது தெரிந்தது. ஓடும் வண்டியாக இருந்திருந்தால் இதை எழுத ஆளில்லை. பி12 அளவு பார்த்தபோது 96. குறைந்தபட்சம் 200 இருக்க வேண்டும். நரம்பு டாக்டர் என்னைக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார். நிற்க முடியவில்லை, பக்கவாட்டில் சாய்ந்தேன். அறுவை சிகிச்சை டாக்டர் திட்டவில்லை. ரிப்போர்ட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கேன்சர் ஒங்கள விட்ருச்சு, நீங்க ஒங்கள விடல போலிருக்கே" என்றார். திட்டியிருக்கலாம்.

ஊசியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஆரம்பித்து, பிறகு வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று. (எனக்குச் சொன்ன கணக்கு இது. உங்கள் அளவை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.) நாக்கு பத்து நாளில் சரியானது. கணக்கு ஒரு மாதத்தில் சரியானது. நடை சரியாக ஒரு வருஷம் ஆனது. இடது காலின் இரண்டு விரல்கள் மட்டும் இன்னும் மரத்தே இருக்கின்றன. செருப்பு கழன்றால்கூடத் தெரியாது. மாதச் சம்பளம் கிரெடிட் ஆகும் நாளில் ஊசி என்று வைத்துக்கொண்டேன். சம்பளத்தை மறக்கும் தொழிலாளி உண்டா?

இதற்கப்புறம்தான் மற்றதையும் ஒழுங்காகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரும்புச் சத்தும் சரியாக ஏறாது. அமிலமும் இல்லை, இரும்பை அதிகம் உறிஞ்சும் குடல் பகுதிக்குச் சாப்பாடு போவதும் இல்லை. எனக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ரத்தக் குழாய் வழியாக ஏற்ற வேண்டியிருக்கிறது. கால்சியம் மாத்திரையில் கார்பனேட், சிட்ரேட் என்று இரண்டு வகை உண்டு. கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், அதனால் நமக்குச் சிட்ரேட். கடையில் "ரெண்டும் ஒண்ணுதாண்ணே" என்பார்கள், ஒன்றில்லை. எலும்பு அடர்த்தி ஸ்கேனில் என் இடுப்பு எலும்பு எழுபது வயசுக்காரருடையது போல இருந்தது. வைட்டமின் டி, வெயிலில் நடை இரண்டும் அதிலிருந்து. மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தால் கொழுப்பு செரிக்கவில்லை என்று அர்த்தம். அதற்குக் கணைய நொதிக் கேப்ஸ்யூல் உண்டு, அதைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும், பிறகு போட்டால் வண்டி போனபிறகு டிக்கெட் எடுத்த கதை. பித்தப்பையில் கற்கள் வரலாம், எனக்கு வந்திருக்கிறது, தொந்தரவு இல்லாததால் விட்டு வைத்திருக்கிறார்கள். எடை 58 கிலோவில் நின்றுவிட்டது. பழைய யூனிபார்ம் பேண்ட்டை இரண்டு முறை பிடித்துத் தைத்து, கடைசியில் மச்சானுக்குக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. இரைப்பைப் புண்ணுக்கும் இந்த நோய்க்கும் பின்னால் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் என்ற டாக்டர் 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் அவருக்கும் அவரோடு ஆராய்ந்த ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நோயாளியின் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் இதற்குப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. என் தம்பிக்கு இருந்தது. இரண்டு வாரம் மாத்திரை, முடிந்தது. "ஒனக்கு வந்தா எனக்கும் வருமா?" என்று ஆறு மாதம் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தவன், இப்போது என் ஊசி நாளை எனக்கு முன்னால் ஞாபகப்படுத்துகிறான்.

5 வருஷம் முடிந்தபோது, "இனி வருஷத்துக்கு ஒருக்க வந்தாப் போதும்" என்றார்கள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சந்தோஷம் வரவில்லை, ஒரு மாதிரி அநாதையாக இருந்தது. அவ்வப்போது யாரோ நம்மைச் சோதித்து "ஒன்றுமில்லை" என்று சொன்னதுதான் தெம்பு என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. ஸ்கேனுக்கு முந்தைய வாரம் இன்றைக்கும் தூக்கம் கெடும். மனைவி அந்த வாரம் முழுக்க என்னோடு சண்டை போடாமல் இருப்பாள், அதுவே எனக்குப் பயமாக இருக்கும்.

கடைசியாக, நான் எப்போதும் வைத்திருக்கும் ஒரு அட்டை பற்றி. படியில் விழுந்த மறு வருஷம், என் மகன் ஒரு அட்டையில் எழுதி லேமினேட் செய்து கொடுத்தான். பஸ் பாஸுக்குப் பின்னால் இருக்கும். தமிழில் ஒரு பக்கம், மறுபக்கம் இங்கிலீஷில் அதே வாசகம்:

"எனக்கு முழு இரைப்பை அகற்றப்பட்டுள்ளது. வேர்த்து மயங்கினால் உடனே சர்க்கரை அளவைப் பார்க்கவும். சாப்பிட்டபின் சர்க்கரை அதிகமாகக் காட்டினால் அதை மட்டும் வைத்து மருந்து கொடுக்க வேண்டாம். மாதம் ஒருமுறை பி12 ஊசி. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் கவனத்துக்கு: நைட்ரஸ் ஆக்சைடு தவிர்க்கவும், அது பி12-ஐச் செயலிழக்கச் செய்யும்."

கீழே மனைவியின் போன் நம்பர், ரத்த வகை. கண்டக்டர் சட்டைப்பை வேர்வையில் லேமினேஷன் ஓரம் பிரிந்து, மை கலைந்துவிடுகிறது. இப்போது பையில் இருப்பது மூன்றாவது அட்டை.